பழைய நிரலுக்குப் பட்ட கடன்

ஒரு நுண்செயலிக்காக எழுதிய நிரல், அதற்குப் பின் வந்த செயலியிலும் மாற்றமின்றி ஓடினால் அவ்விரண்டுக்கும் இடையே பின்னிணக்கம் உண்டு என்பார்கள் பொறியாளர்கள். 1972இல் வந்த இன்டெல் 8008 முதல் 1985இல் வந்த 80386 வரையான காலத்தில், விற்பனைக்கு உதவும் வசதியாகத் தொடங்கிய இந்த இணக்கம், செய்தவர்களாலேயே மீற முடியாத கட்டுப்பாடாக இறுகியது. 8008இல் இருந்தவை ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்கள், 80386இல் 2,75,000. வடிவமைத்தவர்கள் வேறு, உற்பத்தி முறை வேறு, உட்கட்டமைப்பும் வேறு. ஆனாலும் இவை ஒரே குடும்பம் என்றே எண்ணப்படுகின்றன. இதில் இரண்டு மெய்யியல் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எல்லாமே மாறிய பிறகும் ஒன்றை ‘அதே’ என்று சொல்லும் தகுதியைத் தருவது எது? புதியது பழையதற்குக் கட்டுப்பட்டது என்றால், அந்தக் கடன் எங்கிருந்து பிறந்தது, அதன் அளவை முடிவு செய்பவர் யார்?

முதல் கேள்வியைக் கேட்டதும் மேலை மெய்யியல் படித்தவர்களுக்குப் புளூட்டார்க் சொன்ன தீசியசின் கப்பல் நினைவுக்கு வரும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்பது பழைய கப்பல்தானா என்பது அந்தப் புதிர். செயலிகளுக்கு அது பொருந்தாது. இங்கே எதுவும் ஒவ்வொன்றாக மாறவில்லை. முழுப் பொருளும் ஒரே நேரத்தில் புதிதாகச் செய்யப்பட்டது. அதோடு பழையதும் அழிந்துவிடவில்லை. 8086 வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் அதற்கு முந்திய 8085இன் பயிற்சிப் பலகைகளில் பதினாறடிமான எண்களைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பழையதும் புதியதும் அருகருகே உயிரோடு இருக்கும்போது, தொடர்ச்சியைப் பொருளில் தேடிப் பயனில்லை.

அதை வேறிடத்தில் தேடலாம் என்று காட்டியது நுண்செயலி அல்ல, அதற்கு முந்திய பெருங்கணினி. 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற பெயரில் வேகத்திலும் விலையிலும் வேறுபட்ட ஆறு மாதிரிகளை ஒரே நாளில் அறிவித்தது. ஒன்றில் ஓடிய நிரல் மற்றவற்றிலும் ஓடும் என்பதே அதன் மையக் கருத்து. வடிவமைப்பாளர்களான ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் மூவரும் ஒரு தெளிவான கோடு கிழித்தார்கள். நிரல் எழுதுபவரின் கண்ணுக்குத் தெரியும் கணினி ஒன்று. அதை நடத்திக்காட்டும் மின்சுற்று இன்னொன்று. முன்னதற்குக் கட்டமைப்பு என்று பெயர். ஒரு பொருளின் அடையாளம் அதன் உள்ளே இல்லை, அதைப் பயன்படுத்துபவருக்கு அது எப்படித் தோன்றுகிறதோ அதில்தான் இருக்கிறது என்ற நிலைப்பாடு அது. மெய்யியலில் பலரும் ஏற்கத் தயங்கும் நிலைப்பாடு. பொறியியலில் அது ஒரே நாளில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் சிஸ்டம்/360இன் ஒற்றுமை ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின் கீழ் உருவானது. நுண்செயலிகளின் ஒற்றுமை காலத்தின் ஊடாக, திட்டமே இல்லாமல் உருவானது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இன்டெல் குடும்பத்தின் மூதாதை இன்டெல்லில் பிறக்கவில்லை. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் 1970இல் டேட்டாபாயின்ட் 2200 என்ற மேசை முனையத்தை அறிவித்தது. அதன் செயலி சாதாரணச் சிறு சில்லுகளால் கட்டப்பட்டது. நினைவகம் பிட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தரும் வகை. கணக்கும் ஒவ்வொரு பிட்டாகவே நடந்தது. கூட்டல் எப்போதும் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவதால், இரண்டு பைட் நீளமான எண்ணின் சிறிய பாதி முதலில் வருவது அந்தக் கணினிக்கு வசதி. அந்தச் செயலியை ஒரே சில்லில் செய்து தரும் வேலை இன்டெல்லுக்கு வந்தது. சில்லு முடிந்தபோது முனைய நிறுவனம் அதை வேண்டாம் என்றுவிட்டது. இன்டெல் அதையே 8008 என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 8008 எட்டு பிட்டுகளையும் ஒன்றாகவே கையாண்டது. சிறிய பாதியை முதலில் வைக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. கட்டளைத் தொகுதி டேட்டாபாயின்டுடையது என்பதால் அந்த வரிசை மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய மேசைக் கணினிகளிலும் எண்கள் நினைவகத்தில் அதே வரிசையில்தான் உட்காருகின்றன. காரணம் எப்போதோ மறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் நிற்கிறது. பௌத்த யோகாசாரர்கள் வாசனை என்றது இத்தகைய எச்சத்தைத்தான்.

8008க்குப் பிறகு வந்த சில்லுகள் இணக்கத்தை வெவ்வேறு தளங்களில் காப்பாற்றின. மெய்யியல் நோக்கில் மிக வளமான பகுதி இது. 1974இல் வந்த 8080, 8008இன் கட்டளைகளை ஏறத்தாழ எல்லாமே தனக்குள் வைத்திருந்தது. ஆனால் அவற்றின் இயந்திரக் குறியெண்கள் மாறியிருந்தன. பழைய நிரலின் மூலத்தை மீண்டும் மொழிமாற்றினால் ஓடும். நினைவகத்தில் எண்களாக இருக்கும் நிரலை அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது. பொருள் தங்கியது, எழுத்து மாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இசட்80இல் நிலைமை தலைகீழ். 8080ஐ உருவாக்கிய ஃபெடரிகோ ஃபஜின் இன்டெல்லிலிருந்து விலகி, ரால்ஃப் அங்கர்மனோடு சேர்ந்து ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 8080இல் அவரோடு உழைத்த மசதோஷி ஷிமாவும் அங்கே வந்து சேர்ந்தார். இசட்80 பழைய குறியெண்கள் அனைத்தையும் அப்படியே ஏற்றது. 8080இல் காலியாகக் கிடந்த 12 குறியெண்களைப் பயன்படுத்திப் புதிய கட்டளைகளைச் சேர்த்தது. ஆனால் கட்டளைகளின் பெயர்கள் இன்டெல்லின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை எனக் கருதப்பட்டதால், பலவற்றுக்கும் வேறு பெயர் சூட்டியது. எழுத்து தங்கியது, பெயர் மாறியது. இரண்டு சில்லுகளின் கால்களின் அமைப்பும் வேறு. 8080ஐப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இசட்80ஐச் செருக முடியாது.

செருகக்கூடிய சில்லும் ஒன்று வந்தது. மோட்டரோலாவின் 6800 குழுவிலிருந்து விலகிய சக் பெடிலும் நண்பர்களும் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் 1975இல் 6501ஐச் செய்தார்கள். அது 6800க்கான குழியில் அப்படியே பொருந்தும். ஆனால் 6800க்கான ஒரு நிரலும் அதில் ஓடாது. உடல் ஒன்று, பேச்சு வேறு. மோட்டரோலா வழக்குத் தொடுத்தது. 6501 சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உட்கட்டமைப்பு அதேயாக இருந்து கால்களின் அமைப்பு மட்டும் மாறிய 6502 பிழைத்தது. அதுவே ஆப்பிள் 2, கொமடோர் கணினிகளுக்குள் போனது. நீதிமன்றம் வரை போனது உடலின் ஒற்றுமை. சந்தையில் வென்றது பேச்சின் ஒற்றுமை. இசட்80 வாங்கியவர் எவரும் அதன் கால்களை எண்ணிப் பார்த்து வாங்கவில்லை. சிபி/எம் இயங்குதளமும் அதன் நிரல்களும் ஓடுமா என்றே கேட்டார்கள்.

பேச்சின் ஒற்றுமையும் முழுமையானது அல்ல. 8080இல் ஒரு கூட்டலுக்குப் பின் ஒரு நிலைக்கொடி, விடையில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று சொல்லும். இசட்80இல் கணக்கீடுகளுக்குப் பின் அதே கொடி, விடை கொள்ளளவைத் தாண்டிவிட்டதா என்று சொல்லும். பெரும்பாலான நிரல்கள் இதைக் கவனிக்கவே இல்லை. சில நிரல்களோ வேண்டுமென்றே ஒரு கூட்டலைச் செய்து, இந்தக் கொடியைப் பார்த்து, தாம் எந்தச் சில்லில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டன. ‘முற்றும் ஒத்தது’ என்று விற்கப்பட்ட இரண்டில் ஒரு வேறுபாடு இருந்தது. அதைத் தேடியவருக்கு மட்டும் அது கிடைத்தது.

1976இல் இன்டெல்லில் ஸ்டீபன் மோர்ஸ் என்ற பொறியாளரிடம் 8086இன் கட்டமைப்பை வகுக்கும் பொறுப்பு வந்தது. நிறுவனத்தின் நம்பிக்கை உண்மையில் வேறொரு சில்லின் மேல் இருந்தது. அது தாமதமானதால், இடையில் நிரப்ப 8086 தேவைப்பட்டது. 1978 ஜூனில் 29,000 டிரான்சிஸ்டர்களோடு வெளிவந்த அதன் குறியெண்கள் 8080இன் குறியெண்களோடு பொருந்தவில்லை. அதற்குப் பதிலாக 8080 அசெம்ப்ளி நிரலை வரிக்கு வரி 8086 நிரலாக மாற்றித் தரும் மொழிமாற்றியை இன்டெல் தந்தது. அந்த மொழிமாற்றம் இயல்பாக அமையும்படி சில்லே செதுக்கப்பட்டது. பழைய ஹெச், எல் பதிவகங்கள் புதிய பிஎக்ஸின் இரு பாதிகளாயின. பி, சி இரண்டும் சிஎக்ஸ் ஆயின. டி, இ இரண்டும் டிஎக்ஸ் ஆயின. நிலைக்கொடிகளின் கீழ்ப் பாதி 8080இல் இருந்த அதே வரிசையில் நின்றது. அந்தக் கீழ்ப் பாதியை எடுத்துவைக்கவும் திரும்ப வைக்கவும் மட்டுமே இரண்டு கட்டளைகள் சேர்க்கப்பட்டன. புதிதாக எழுதுபவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. பழைய நிரல் மொழிபெயரும்போது மட்டும் அவை வேண்டியிருந்தன.

இதே காலத்தில் நடந்த இன்னொன்று அதைவிட விசித்திரமானது. 1976இல் வந்த 8085இல் புதிதாக 12 கட்டளைகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு மட்டுமே அறிவிக்கப்பட்டன. மற்ற பத்தும் சிலிக்கானில் இருந்தன, வேலை செய்தன, கையேட்டில் இல்லை. அறிவித்துவிட்டால் 8086 அவற்றுக்கும் வழி செய்ய வேண்டியிருக்கும் என்பதே காரணம். ஒன்று இருப்பதும், அது இருக்கிறது என்று வாக்குக் கொடுப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. வருங்காலத்தின் சுமையைக் குறைக்க நிகழ்காலம் தன்னிடம் இருந்ததையே மறைத்தது.

இந்தியத் தத்துவத்தில் இந்த வகைத் தொடர்ச்சியைப் பற்றிய வாதம் பழையது. சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் சற்காரியவாதிகள்: விளைவு தோன்றுமுன்பே காரணத்துக்குள் நுண்வடிவில் இருக்கிறது, இல்லாதது தோன்றாது என்பது அவர்கள் கொள்கை. நியாய வைசேடிகர் இதை மறுத்தார்கள். விளைவு முன்னில்லாத புதுப்பொருள் என்றார்கள். பௌத்தர்கள் இரண்டையும் விட்டு, நிலையான பொருளே இல்லை, கணந்தோறும் தோன்றி மறையும் நிகழ்வுகளின் ஓட்டமே உண்டு என்றார்கள். மறுபிறப்பில் பிறப்பவர் அதே ஆளா, வேறு ஆளா என்று மிலிந்த மன்னன் கேட்டபோது, அதேயுமல்ல வேறுமல்ல என்று நாகசேனர் விடை சொன்னதாக மிலிந்த பன்ஹ கூறுகிறது. அதே நூலில் வேறோரிடத்தில், ஒரு விளக்கிலிருந்து ஏற்றிய மற்றொரு விளக்கை அவர் காட்டினார். 8080இன் 12 காலிக் குறியெண்களை இசட்80 நிரப்பியதைச் சற்காரியவாதி தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். வருவதற்கான இடம் முன்பே அங்கே இருந்தது. ஆனால் டேட்டாபாயின்ட் 2200ஐ வகுத்தவர்களின் வேலையில் 80386 நுண்வடிவில் இருந்தது என்று சொல்வது இழுத்துப் பிடித்த வாதம். நாகசேனரின் விடையே செயலிக் குடும்பத்துக்கு நெருக்கமானது.

அந்த விடையும் பாதிதான். தொடர்ச்சி எப்படி இருக்கிறது என்பதை அது விளக்குகிறது. புதியது பழையதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்பதை விளக்கவில்லை. பௌத்தக் கணக்கில் ஓர் ஓட்டத்தின் வினை அதே ஓட்டத்தின் மேல் வந்து விழுகிறது. செயலிகளில் அப்படி இல்லை. 8086க்குப் பின் வந்த 80286 கட்டுப்பட்டது 8086க்கு அல்ல. 8086ஐ நம்பி நிரல் எழுதியவர்களுக்கும், அந்த நிரல்களை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அது கட்டுப்பட்டது. கடன் குடும்பத்துக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. ஆகவே இணக்கத்தை அடையாளம் என்பதைவிட வாக்குறுதி என்று புரிந்துகொள்வதே சரி. உடனே அடுத்த சிக்கல் வருகிறது. கையேட்டில் எழுதியது மட்டும்தான் வாக்குறுதி என்றால், அதைக் காப்பது எளிது. நடந்தது அப்படி இல்லை.

6502இல் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் எழுதிவைத்த முகவரிக்குத் தாவும் கட்டளை, அந்த முகவரி 256 பைட் பக்கம் ஒன்றின் கடைசி இடத்தில் தொடங்கினால், மறுபாதியைத் தவறான இடத்திலிருந்து எடுக்கும். அதே சில்லில் அறிவிக்கப்படாத குறியெண்கள் பல இருந்தன. சுற்று எளிமைக்காக விட்ட இடைவெளிகள் தற்செயலாக ஏதோ ஒரு வேலையைச் செய்தன. வேகத்துக்காக விளையாட்டு நிரலாளர்கள் அந்தத் தற்செயல்களையும் பயன்படுத்தினார்கள். பின்னர் வந்த 65சி02 பிழையைத் திருத்தியது. அறிவிக்கப்படாத குறியெண்களின் பழைய விளைவுகளை நீக்கியது. கையேட்டின்படி இது குற்றமற்ற முன்னேற்றம். அந்த விளைவுகளை நம்பியிருந்த நிரலுக்கோ இது வாக்குமீறல். யாரும் கொடுக்காத வாக்கை எப்படி மீற முடியும் என்று கேட்கலாம். ஓடாமல் நின்றுபோன விளையாட்டை வைத்திருந்தவருக்கு அந்தக் கேள்வி ஆறுதல் தராது.

ஐபிஎம் விஷயத்தில் நியாயம் இன்னும் சிக்கலானது. ஓடும் நிரலை இடைநிறுத்தி வேறு வேலைக்குத் திருப்பும் இன்டரப்ட் எண்களில் முதல் 32ஐத் தன் எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கியிருப்பதாக இன்டெல் 8086 கையேட்டிலேயே சொல்லியிருந்தது. 1981 ஆகஸ்டில் 8086இன் உடன்பிறப்பான 8088 சில்லோடு வந்த ஐபிஎம் பிசி அந்த ஒதுக்கீட்டை மதிக்கவில்லை. திரையில் உள்ளதை அச்சிடும் வேலைக்கு எண் 5ஐ எடுத்துக்கொண்டது. திரை, வட்டு, விசைப்பலகைச் சேவைகளையும் ஒதுக்கப்பட்ட எண்களிலேயே வைத்தது. அடுத்த சில்லுகளில் இன்டெல் அந்த எண்களைப் பிழை அறிவிப்புகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும் இரண்டும் மோதின. உரிமை இன்டெல் பக்கம். ஆனால் இலட்சக்கணக்கான கணினிகள் ஐபிஎம் பக்கம். பல ஆண்டுகள் இயங்குதளங்களை எழுதியவர்கள் இந்த மோதலைச் சுற்றி வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. 8086இல் ஒரு குறியெண், நிரல் எந்தச் செக்மென்டில் ஓடுகிறது என்பதைக் காட்டும் பதிவகத்துக்குள் ஸ்டாக்கிலிருந்து ஒரு மதிப்பை இறக்கும். அடுத்த கட்டளை எங்கிருந்து வரும் என்பதே மாறிவிடுவதால் அது ஏறத்தாழப் பயனற்றது. ஏறத்தாழ யாரும் அதை நம்பி எழுதவில்லை. 80286 அந்தக் குறியெண்ணை எடுத்து, தன் புதிய கட்டளைகளுக்கு முன்னொட்டாக்கிக்கொண்டது. எந்த எதிர்ப்பும் எழவில்லை. இருந்த கட்டளை ஒன்று நம்புவாரின்றி மறைந்தது. இல்லாத வாக்குறுதிகள் நம்பப்பட்டதாலேயே நிலைத்தன. வாக்கின் எல்லையை நிர்ணயித்தது கொடுத்தவரின் சொல் அல்ல, சார்ந்திருந்தவரின் நம்பிக்கை. இது நீதியா என்பது வேறு கேள்வி. தன் கையேட்டைப் படிக்காதவர்களுக்கும் ஒருவர் கடன்பட்டவரா என்ற கேள்விக்கு அறநூல்கள் இல்லை என்றுதான் சொல்லும். சந்தை ஆம் என்று சொன்னது.

இத்தகைய கடன் எத்தனை தலைமுறைக்குக் கடத்தப்படும் என்பதற்கு ஒரு சங்கிலியைத் தொடர்ந்து பார்ப்பது நல்லது. 8080இல் ஓடிய சிபி/எம்மில் ஒரு நிரல் இயங்குதளத்தின் உதவியைக் கேட்க முகவரி 5ஐ அழைக்கும். அதற்கு அடுத்த முகவரி 6இல் இருக்கும் எண், நிரலுக்கு எவ்வளவு நினைவகம் உண்டு என்பதையும் சொல்லும். 1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 8086க்கு ஓர் இயங்குதளம் எழுதினார். பின்னால் மைக்ரோசாஃப்ட் வாங்கி எம்எஸ்-டாஸ் ஆக்கியது இதைத்தான். சிபி/எம் நிரல்கள் எளிதாக மொழிபெயர வேண்டும் என்று 5, 6 இரண்டின் பழைய பயனையும் அவர் காத்தார். 6இல் உள்ள எண் நினைவக அளவாகவும் இருக்க வேண்டும், அழைக்க வேண்டிய முகவரியின் பகுதியாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க, 8086இன் ஓர் இயல்பு கைகொடுத்தது. முகவரிக் கூட்டல் 1 மெகாபைட்டைத் தாண்டினால் 8086இல் அது சுழன்று பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அழைப்பு மேல் எல்லையைத் தாண்டிச் சுழன்று, நினைவகத்தின் அடியில் இருக்கும் சரியான இடத்தில் போய் விழும்.

80286இல் முகவரிகள் 16 மெகாபைட் வரை போகும். 1 மெகாபைட்டில் அவை சுழலாது. சுழற்சியை நம்பிய நிரல்கள் இருந்தன. மேலே சொன்ன அழைப்பும் அவற்றில் ஒன்று. 1984இல் பிசி ஏடி கணினியைச் செய்த ஐபிஎம், ஏ20 என்ற முகவரிக் கம்பியில் ஒரு வாயிலை வைத்தது. வாயில் மூடியிருந்தால் சில்லு 8086 போலச் சுழலும். திறந்தால் முழு நினைவகமும் கிடைக்கும். அந்த வாயிலைத் திறக்கும் வேலை, ஒரு கால் சும்மா இருந்தது என்பதால், விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏ20 வாயில் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் பிசிக்களில் இருந்தது. சித்தாந்திகள் பிராரத்தம் என்பது இப்பிறவியில் அனுபவித்தே தீர்க்க வேண்டிய வினையை. இங்கே அனுபவித்தது வினை செய்தவர் அல்ல.

கடனைத் துறந்தவர்களும் உண்டு. 8086ஐத் தற்காலிகமாக வைத்துவிட்டு இன்டெல் நம்பிக் காத்திருந்த சில்லு ஐஏபிஎக்ஸ் 432. பழைய எதனோடும் அதற்கு ஒட்டுறவு இல்லை. நினைவகப் பாதுகாப்பையும் உயர்நிலை மொழிகளின் கருத்துகளையும் வன்பொருளுக்குள்ளேயே கொண்டுவரும் துணிச்சலான திட்டம். 1981இல் வந்தது, மிக மெதுவாக ஓடியது, தோற்றது. இதை வைத்துத் துறவு தோற்கும் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவசர முடிவு அது. 1979இல் மோட்டரோலா தன் 6800இன் நிரல்களைக் கைவிட்டுப் புதிதாக வகுத்த 68000, மெக்கின்டாஷிலும் சன் பணிநிலையங்களிலும் அமிகாவிலும் சிறப்பாகவே வாழ்ந்தது. ஆனால் 68000உம் வெற்றி பெற்ற கணத்திலிருந்தே தனக்கென்று நம்புவோரைச் சேர்த்துக்கொண்டது. 68020உம் 68030உம் அவர்களுக்குக் கட்டுப்பட்டன. கடனை ஒரு தலைமுறையில் துறக்கலாம். புதிய கடன் சேராமல் இருக்க ஒரே வழி, யாரும் பயன்படுத்தாமல் இருப்பது.

80286 பழையதையும் புதியதையும் இரு நிலைகளாகப் பிரித்துவைத்தது. காப்பு நிலை எனப்பட்ட புதிய நிலைக்குள் போன பின் 8086 நிலைக்குத் திரும்பக் கட்டளையே இல்லை. செயலியை மீட்டமைத்தால்தான் உண்டு. 1985 அக்டோபரில் வந்த 80386 வேறு வழி கண்டது. புதிய நிலைக்குள்ளேயே பல கற்பனை 8086களை அது உருவாக்கும். ஒவ்வொரு பழைய நிரலும், பூச்சியத்தில் தொடங்கும் 1 மெகாபைட் நினைவகமும் முழுச் சில்லும் தனக்கே என்று எண்ணி ஓடும். உண்மையில் அதன் முகவரிகள் வேறிடத்துக்குத் திருப்பப்படும். அது வன்பொருளைத் தொட முயன்றால் மேலிருக்கும் இயங்குதளம் இடையில் புகுந்து பதில் சொல்லும். அத்வைதிகள் பேசும் வியாவகாரிக, பாரமார்த்திக என்ற இரு நிலைகளை இது நினைவூட்டுகிறது: கீழ்நிலையில் உள்ளவருக்குக் கீழ்நிலை பொய்யல்ல, மேலிருந்து பார்த்தால்தான் அது சார்ந்து நிற்பது தெரியும்.

உள்ளேயிருந்து உண்மையை அறிய முடியுமா? முடியும். இயந்திரத்தின் நிலையை வாசிக்கும் கட்டளை ஒன்று தடுக்கப்படாமலே இருந்தது. அதைக் கொடுத்தால் தான் காப்பு நிலைக்குள் இருப்பது நிரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டளை 80286இல்தான் முதன்முதலில் வந்தது. 1979இல் எழுதப்பட்ட நிரலுக்கு அப்படியொரு கேள்வியைக் கேட்கவே வாய் இல்லை. கேட்கத் தெரிந்த நிரல் 8086 நிரல் அல்ல. மாயையைப் பற்றிய பழைய வாதங்களில் பலவற்றைவிட இந்த அமைப்பு துல்லியமானது. அறியாமை இங்கே கண்ணை மறைக்கும் திரையாக இல்லை, மொழியில் இல்லாத ஒரு கட்டளையாக இருக்கிறது.

காலத்தை மட்டும் எந்தக் கட்டமைப்பும் வாக்காகத் தரவில்லை. 4.77 மெகாஹெர்ட்ஸ் பிசியின் வேகத்தையே கடிகாரமாக நம்பிய விளையாட்டுகள், வேகமான கணினிகளில் ஆட முடியாதபடி பறந்தன. அதற்காகவே உற்பத்தியாளர்கள் பெட்டியின் முன்புறம் ‘டர்போ’ பொத்தானை வைத்தார்கள். பெயருக்கு நேர்மாறாக, பழைய விளையாட்டு ஓட வேண்டும் என்று கணினியை மெதுவாக்குவதுதான் அதன் முக்கியப் பயன்.

குடும்பம் 64 பிட்டுக்கு நகர்ந்தபோது, 2003இல் இதே குடும்பத்துச் செயலிகளைச் செய்துவந்த ஏஎம்டி நிறுவனம் சில கடன்களைத் தள்ளுபடி செய்தது. 64 பிட் நிலையில் கற்பனை 8086 இல்லை. 8080 காலத்திலிருந்து வந்த பதின்மக் கணக்குத் திருத்தக் கட்டளையும் செல்லாது. 8080 நிரலை மொழிபெயர்ப்பதற்காக மோர்ஸ் சேர்த்த அந்த இரண்டு நிலைக்கொடிக் கட்டளைகளும் முதல் 64 பிட் சில்லுகளில் நீக்கப்பட்டன. பிறகு வேறு பயன்களுக்காக அவை வேண்டியிருந்ததால் திரும்பச் சேர்க்கப்பட்டன. 2013இல் வந்த 64 பிட் விண்டோஸ் 8.1 அவை இல்லாத செயலியில் நிறுவப்படவே மறுத்தது. முதலில் நம்பியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்; கடன் மட்டும் அதே பெயரில் நின்றது.

மின்சாரம் வந்ததும் இந்தக் குடும்பத்தின் செயலிகள் 8086இன் பதினாறு பிட் நிலையிலேயே கண் விழித்து, அங்கிருந்து படிப்படியாக மேலேறுகின்றன. இந்தப் பழைய நிலைகளை நீக்கிவிட்டு நேராக 64 பிட்டில் தொடங்கும் கட்டமைப்பு ஒன்றை இன்டெல் 2023 மே மாதத்தில் முன்மொழிந்தது. 2024 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.